10 நாளில் ஒரு வருடப் பாடமாம்!

மரப்பெஞ்சு:
நேற்று இன்னொரு இழையில் திசைகாட்டி எழுதியிருந்தார்: "உயர்நிலைப் பள்ளி மாணவன் வெளிநாட்டில் 10 நாள் இருந்துவிட்டு வந்தால், வகுப்பறையில் ஒரு வருடம் படிப்பதைவிட அதிகம் கற்றுக்கொள்வான்." அதற்குக் கைதட்டல் வேறு. போக வர 2 நாள். நேர வித்தியாசத்தில் தூங்கி வழிவது 2 நாள். கடைவீதிக்கு 1 நாள். மீதியில் பாதி, அருங்காட்சியக வாசலில் ஆசிரியர் தலை எண்ணுவதிலேயே போய்விடும். ஒரு வருடப் பாடம் எந்தச் சந்தில் நுழைந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

திசைகாட்டி:
என் பதிவில் ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துத் தனி இழை போட்டிருக்கிறீர்கள், நன்றி. அதற்கு முந்தைய வரியில் "அங்குள்ள பள்ளியோடு சேர்ந்து, ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி" என்று இருந்ததே, அது கண்ணில் படவில்லையா?

மரப்பெஞ்சு:
பட்டது. 10 நாள் என்பதும் பட்டது.

நீலமை:
பேருந்தில் ஏறி இடம் பார்த்துவிட்டு வருவது வேறு, மாணவர் பரிமாற்றம் வேறு. நீங்கள் இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்களேன்.

திசைகாட்டி:
மரப்பெஞ்சுக்கு வரலாறு பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். பிரான்சும் ஜெர்மனியும் மாறி மாறிப் போரிட்ட நாடுகள். 1963இல் பிரெஞ்சு அதிபர் டி கோலும் மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடினாவரும் எலிசே என்ற நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே ஆண்டில், இரு நாட்டு இளைஞர்களுக்கென்றே ஒரு பொது அலுவலகம் திறந்தார்கள். இன்றுவரை பிள்ளைகள் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். பயனில்லாத வேலைக்கு இரண்டு அரசாங்கங்கள் இத்தனை வருடமாகப் பணம் கொடுக்குமா?

மரப்பெஞ்சு:
அரசாங்கம் பணம் கொடுத்தால் பயன் இருக்கிறது என்று அர்த்தமா! சரி, அந்த அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய வோல்டேர் திட்டத்தில் மாணவன் ஆறு மாதம் அங்கே இருக்கிறான். அப்புறம் அந்த வீட்டுப் பிள்ளை ஆறு மாதம் இவன் வீட்டில் இருக்கிறது. ஆறு மாதம், ஐயா. 10 நாள் இல்லை. நீங்கள் கொடுத்த உதாரணமே என் கட்சிக்கு வந்துவிட்டது.

திசைகாட்டி:
அதே அலுவலகம்தான் ஒரு வாரம், இரண்டு வாரம் வகுப்பாகச் சேர்ந்து போகும் பரிமாற்றங்களுக்கும் உதவித்தொகை தருகிறது. அதைச் சௌகரியமாக விட்டுவிட்டீர்கள். அதோடு, ஏஎஃப்எஸ் அமைப்பு 1947இல் தொடங்கியதிலிருந்தே...

ஒற்றைப்பனை:
தப்பு. ஏஎஃப்எஸ் தொடங்கியது 1915இல். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பு அது. இரண்டாம் போர் முடிந்த பிறகு, 1947இல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைக் கையில் எடுத்தார்கள். வருடத்தையாவது சரியாக எழுதுங்கள்.

திசைகாட்டி:
நான் மாணவர் பரிமாற்றத்தைத்தான் சொன்னேன்.

ஒற்றைப்பனை:
"அமைப்பு தொடங்கியது" என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே இருக்கிறது, எல்லோரும் பார்க்கலாம்.

அம்மாவின் கணக்கு:
ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பயணப் பட்டியல் ஒட்டும் நாளில் பணம் கட்ட முடிந்த பிள்ளைகளின் பெயர் மட்டும்தான் அதில் இருக்கும். மீதிப் பிள்ளைகள் புகைப்படம் பார்க்க வேண்டியதுதான். தங்க வைக்கும் குடும்பங்களும் காசுக்காகத்தான் செய்கின்றன.

திசைகாட்டி:
கடைசி வரி பொய். அமெரிக்காவின் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வரும் மாணவர்களுக்கான உயர்நிலைப் பள்ளித் திட்டத்தில் தங்க வைக்கும் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கவே கூடாது என்பது விதி. மாணவனுக்கு 15 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பதினெட்டரையைத் தாண்டக் கூடாது என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அம்மாவின் கணக்கு:
ஒரு நாட்டு விதியைக் காட்டி உலகத்துக்கே தீர்ப்பு எழுதுகிறீர்கள். என் முதல் வரிக்குப் பதில் எங்கே?

மரப்பெஞ்சு:
வராது, அம்மா. போன மாதம் தேர்வு இழையிலும் இவர் இப்படித்தான் நழுவினார். இப்போது என் கேள்விக்கு வருவோம். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே சொன்னார்: இரண்டு கூட்டத்தார் சந்தித்த மாத்திரத்தில் ஒருவரைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் தப்பான எண்ணம் போய்விடாது. இருவரும் சமமாக நிற்க வேண்டும், ஒரே இலக்குக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். 10 நாளில் இதில் எது நடக்கும்? வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் நடப்பது எந்த இலக்கு? ஜன்னல் வழியாக ஒரு ஊரைப் பார்த்துவிட்டு வந்து "அந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான்" என்று பேசுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். போகாமல் இருந்திருந்தால் வாயாவது மூடியிருக்கும்.

திசைகாட்டி:
ஆல்போர்ட் எத்தனை நாள் வேண்டும் என்று சொன்னார்? சொல்லவில்லை. சமநிலை, பொது இலக்கு, சேர்ந்து உழைப்பது, இவையெல்லாம் ஏற்பாட்டைப் பொறுத்தவை. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து ஓர் ஆற்று நீரைச் சோதித்து அறிக்கை எழுதினால் 10 நாளிலும் நடக்கும். ஏற்பாடு மோசமாக இருந்தால் ஒரு வருடத்திலும் நடக்காது.

மரப்பெஞ்சு:
அப்படியானால் "ஏற்பாடு நன்றாக இருந்தால்" என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? "10 நாள்" என்று எழுதியது யார்? நானா?

நீலமை:
ஐரோப்பாவில் 2005இலிருந்து இ-ட்வின்னிங் இருக்கிறது. பள்ளிகள் இணையம் வழியாகவே சேர்ந்து பாடத்திட்டப் பணிகள் செய்கின்றன. பயணத்துக்கு முன்பு அப்படி ஏதாவது நடந்ததா, நடக்கவில்லையா என்பது நாள் கணக்கைவிட...

மரப்பெஞ்சு:
நீலமை, நடுவர் வேலைக்கு இங்கே ஆள் எடுக்கவில்லை. திசைகாட்டி, 10 நாளா, ஒரு வருடமா? ஒற்றைச் சொல்லில் பதில் போடுங்கள்.

திசைகாட்டி:
ஒரு வரியை வெட்டி ஒட்டுகிறவருக்கு ஒற்றைச் சொல் கொடுத்தால் என்ன செய்வார் என்று தெரியும். முழுப் பதிவையும் மேலே ஏற்றுங்கள், அப்புறம் பேசலாம்.

மரப்பெஞ்சு:
ஏற்றுகிறேன். அதிலும் 10 நாள்தான் இருக்கிறது.

ஒற்றைப்பனை:
அந்த 1947 இன்னும் திருத்தப்படவில்லை.