மூடிய, மூடியுள்ள, இறுக மூடிய: லேபிளில் எது சரி?

பூம்பாறை: மலைத்தேன் பாட்டிலுக்கு லேபிள் அச்சாகப் போகிறது. "திறந்தபின் மூடியுள்ள பாத்திரத்தில் வைக்கவும்" என்று போட்டால் போதுமா?

கோத்தகிரி: போதாதுங்க. 'மூடியுள்ள' இரண்டு விதமாகப் பிரியும். 'மூடி' பெயர்ச்சொல் என்றால் மூடியை உடைய பாத்திரம். மூடி கழன்று பக்கத்தில் கிடந்தாலும் அது மூடியுள்ள பாத்திரம்தான். வினையெச்சம் என்றால் மூடப்பட்டிருக்கும் பாத்திரம். 'மூடிய' என்று போடுங்க, பெயரெச்சம், குழப்பமில்லை.

குறிஞ்சி: 'மூடிய' மட்டும் எப்படிப் போதும்? தட்டைக் கவிழ்த்தாலும் மூடிய பானை, துணியால் வேடு கட்டினாலும் மூடிய பானை. மூடி என்ற பொருளே இல்லாமல் மூடலாம். தேனுக்கு அது உதவாது. மலையின் மழைக்கால ஈரத்தைத் தேன் உறிஞ்சும். நீர்ச்சத்து 20 சதவீதத்தைத் தாண்டினால் ஈஸ்ட் பெருகி நுரைத்துப் புளிக்கும். 'இறுக மூடிய' என்றால்தான் சரி.

கோத்தகிரி: தேனை யாரும் தட்டுப் போட்டு வைப்பதில்லையே. இடம் பார்த்துப் பொருள் கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் 'இறுக' சேர்த்தால் அதுவும் தப்பாகும்: இட்லி மாவை இறுக மூடினால் புளிக்கும்போது வரும் வாயு மூடியைத் தள்ளிவிடும்.

குறிஞ்சி: அதனால்தான் சொல்கிறேன், ஒரே சொல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சமையல் குறிப்பைப் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 'மூடிய பாத்திரத்தில் வேகவிடவும்' என்பதை நம்பி மொச்சைமேல் தட்டைப் போட்டால் ஆவி கொஞ்சம் நிற்கும், சூடு அதற்குமேல் ஏறாது. ஊறவைத்த மொச்சையும் நேரத்துக்கு வேகாது. கேஸ்கட்டும் வெயிட்டும் சேர்ந்து ஆவியை அடக்கினால்தான் கொதிநிலை உயரும். அங்கே 'குக்கரில்' என்றே எழுத வேண்டும்.

கோத்தகிரி: சமையலுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'மூடியுள்ள' என்பதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். விலைப்பட்டியலில் "மூடி உள்ள எவர்சில்வர் டப்பா, 2 லிட்டர்" என்று இடம்விட்டு எழுதினால் சரி. அங்கே 'மூடிய டப்பா' என்றால்தான் பிழை.

குறிஞ்சி: அதற்கு 'மூடியுடன்' இன்னும் தெளிவு.

பூம்பாறை: அப்படியானால் பாத்திரத்துக்கு அடைமொழியே வேண்டாம். "ஈரம் புகாதபடி இறுக மூடி வைக்கவும்" என்று போடுகிறேன்.

கோத்தகிரி: அது நல்லதுங்க. "ஈரக் கரண்டி போட வேண்டாம்" என்பதையும் சேருங்க. மூடி எவ்வளவு இறுகியிருந்தாலும் அந்தத் தண்ணீர் உள்ளேதான் இருக்கும்.