ராத்திரி பார்த்த டாக்குமென்டரி காலையில் ஞாபகம் இல்லை. இதைப் படிப்பு என்று சொல்லலாமா?

டிரங்க்கால்:

எல்லாருக்கும் வணக்கம். வயது 64. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் வீட்டில் ரிமோட் என் கைக்கு வரும். சீரியல் எனக்கு ஒட்டாது. தமிழில் பேசுகிற டாக்குமென்டரி எது ஓடினாலும் உட்கார்ந்துவிடுவேன். எரிமலை, பிரமிடு, ரயில் பாலம், ஆழ்கடல், எல்லாம். ஆறேழு வருஷமாக இப்படித்தான்.

போன வாரம் ஆக்டோபஸ். மூன்று இதயமாம், ரத்தம் நீலமாம். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். காலையில் பேத்திக்குத் தலை பின்னும்போது பெருமையாகச் சொன்னேன். "ஏன் பாட்டி நீலம்?" என்றாள். டிவியில் காரணம் சொன்னார்கள் என்பது ஞாபகம் இருக்கிறது. என்ன காரணம் என்பதுதான் இல்லை. பேப்பருக்குப் பின்னால் மாப்பிள்ளை சிரித்தது எனக்குக் கேட்டது.

ஒரு காலத்தில் ஊரில் முக்கால்வாசி நம்பர் என் தலைக்குள் இருந்தது. அதனால் மறதி என்று ஒப்புக்கொள்ள மனசில்லை. நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். குனிந்து எழுதி நிமிர்வதற்குள் படம் வேறு கடலுக்குப் போய்விடுகிறது. இந்த வயதில் இப்படிப் பார்ப்பது படிப்பில் சேர்த்தியா, இல்லை வெறும் பொழுதுபோக்கா? உங்களில் யாருக்காவது டிவி பார்த்து ஏதாவது நிஜமாகவே தலையில் தங்கியிருக்கிறதா?

சாக்பீஸ்:

முதலில் பேத்திக்குப் பதில். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின், அதில் இருப்பது இரும்பு. ஆக்டோபஸுக்கு அந்த வேலையைச் செய்வது ஹீமோசயனின், அதில் இருப்பது செம்பு. ஆக்சிஜன் ஏறியதும் அது நீலமாகிவிடும்.

மற்றபடி, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் தங்காது என்பதுதான் என் அனுபவமும். டிவியை வைத்தே பட்டப்படிப்பு நடத்தியது பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம். 1971 ஜனவரியில் பிபிசியில் அதன் பாடங்கள் தொடங்கி, 2006 டிசம்பர் வரை ஓடின. நம் ஊர் அஞ்சல்வழிக் கல்வி மாதிரி அவர்களும் வீட்டுக்குப் புத்தகம் அனுப்பினார்கள், கேள்வித்தாள் அனுப்பித் திருத்தித் தந்தார்கள், கோடையில் வகுப்பு வைத்தார்கள். படம் அதில் ஒரு பங்குதான். இங்கேயும் 1984 ஆகஸ்ட் 15இல் தூர்தர்ஷனில் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. நான் விழுந்து விழுந்து பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் பாதி புரியாது. கேட்கவும் ஆள் இல்லை. இன்று அதில் ஒரு வரிகூட மிச்சமில்லை.

காஜா:

அக்கா, நான் டெய்லர். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. கடை அலமாரியில் சின்ன டிவி ஒன்று காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். கண் ஊசியில், காது டிவியில். பாதிப் படம் நான் பார்த்ததே கிடையாது, கேட்டதுதான். அப்படிக் கேட்டதில் தொண்ணூறு சதவீதம் அன்றைக்கே போய்விடும். போகட்டும், எனக்கு வருத்தமில்லை.

ஆனால் ஒன்று போகவில்லை. காமெட் என்று ஒரு விமானம். பயணிகளை ஏற்றிப் பறந்த முதல் ஜெட் அதுதான், பிரிட்டிஷ்காரர்கள் செய்தது. 1954 ஜனவரியில் இத்தாலிப் பக்கம் எல்பா தீவுக்கு அருகே ஒன்று கடலில் விழுந்தது. ஏப்ரலில் இன்னொன்று நேப்பிள்ஸ் பக்கம். ஏனென்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் ஒரு முழு விமானத்தையே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளே தண்ணீரை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, விமானம் ஏறி இறங்குவது மாதிரியே செய்துகொண்டிருந்தார்களாம். பழைய பறப்பையும் சேர்த்து மூவாயிரம் தடவைக்குக் கொஞ்சம் மேலே போனதும் உடம்பு கிழிந்தது. கிழிசல் தொடங்கிய இடம் ஜன்னல் மூலை.

நான் மிஷினை நிறுத்திவிட்டேன். எதிரே ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த அம்மா ஏதோ ஆகிவிட்டதென்று பயந்தே போனார். சதுரக் கழுத்து ஜாக்கெட்டில் முதலில் விடுவது மூலைதானே! மூலையில் ஒரு நூல் அதிகமாகக் கத்தரி பட்டுவிட்டால், நாலு தடவை போட்டுக் கழற்றினால் போதும், அங்கிருந்துதான் கிழிசல் ஓடும். பானைக் கழுத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. இழுப்பு வளைவு முழுக்கப் பரவிப் போய்விடும், ஒரே இடத்தில் போய் நிற்காது. முப்பது வருஷமாக என் கைக்குத் தெரிந்த விஷயம், அதற்குக் காரணம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் வந்த காமெட்டில் ஜன்னலை வட்டமாக்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் தங்கியிருக்கிறது. 1983இல் கனடாவில் ஒரு விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். கிலோவுக்குப் பதில் பவுண்ட் கணக்கில் போட்டு, பாதிக்கும் கீழேதான் ஏற்றியிருக்கிறார்கள். 41,000 அடி உயரத்தில் தீர்ந்துபோனது. கிளைடர் ஓட்டிப் பழகியவர் விமானி. கிம்லி என்ற ஊரில் ஒரு பழைய ஓடுதளத்தில் இறக்கி, இருந்த 69 பேரையும் காப்பாற்றிவிட்டார். இதை எப்படி மறப்பேன்? இஞ்சுக்குப் பதில் சென்டிமீட்டர் பக்கம் பார்த்து ஒரு மாப்பிள்ளை கோட்டையே கெடுத்தவன் நான்.

இதே டிவியில் பிரமிடைப் பற்றி நாற்பது தடவையாவது ஓடியிருக்கும். யார் கட்டியது என்று கேட்டால் முழிப்பேன். அதனால் அக்கா, நோட்டை மூடி வையுங்கள். உங்கள் வேலையில் நீங்கள் தொட்டது எதுவோ, அதன் மேல் வந்து விழுவது தானாக நிற்கும்.

ரன்வே:

காஜா அண்ணே, அருமை. ஆனால் ஒரு திருத்தம். நான் விமானப் பராமரிப்பில் இருந்தவன், சொல்லாமல் போனால் தூக்கம் வராது. காமெட்டின் ஜன்னல் அச்சு அசல் சதுரம் கிடையாது. மூலைகள் அப்போதே வளைந்துதான் இருந்தன, வளைவு போதவில்லை. மூலைப் பக்கம் தகட்டில் விழும் இழுப்பு, செய்தவர்கள் போட்ட கணக்கைவிட அதிகமாக இருந்தது. அப்புறம், எல்பா கடலிலிருந்து எடுத்த பாகங்களைச் சேர்த்துப் பார்த்தபோது விரிசல் தொடங்கியதாகச் சொன்னது பயணிகள் ஜன்னலே இல்லை. கூரையில் ரேடியோ ஆன்டெனாவுக்காக விட்டிருந்த திறப்பு, அதன் மூலைக்குப் பக்கத்தில் இருந்த ரிவெட் துளை, அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி போன துளை. இந்த விஷயத்தில் டாக்குமென்டரிகள் கொஞ்சம் சோம்பேறி. "சதுர ஜன்னல்" என்று சொல்லிவிட்டால் முக்கால் மணி நேரத்தில் கதை முடிந்துவிடும், ரிவெட் துளையைப் பற்றிப் பேசினால் ஆள் சேனல் மாற்றிவிடுவான்.

காஜா:

துளையா? நீங்கள் என்னைத் திருத்தவில்லை தம்பி, இன்னும் ஆழமாக இறக்கிவிட்டீர்கள். ரெக்சினில் சீட் கவர் தைக்கும்போது தையலை நெருக்கிப் போட்டால் உறுதி என்று புதுப் பையன்கள் நினைப்பார்கள். ஊசி போன துளை எல்லாம் வரிசையாக நின்று, தபால்தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே பிய்ந்துவிடும். துணி என்றால் நூலிழை விலகி ஊசிக்கு வழிவிடும். ரெக்சின் விலகாது, ஓட்டையாகிவிடும். தகடும் அப்படித்தான் போல.

டிரங்க்கால்:

நேற்று ராத்திரி டிவி போடவில்லை, இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். சாக்பீஸ் சார் செம்பு என்று சொன்னதும் எனக்கு ஆக்டோபஸ் மறந்து எக்ஸ்சேஞ்ச் ஞாபகம் வந்துவிட்டது. மழைக்காலத்தில் லைன் கரகரத்தால், லைன்மேன் ஜாயின்டைப் பிரித்துக்கொண்டு வந்து காட்டுவார். செம்புக் கம்பி பச்சையும் நீலமுமாகப் பூத்திருக்கும். அவர் கையில் இருக்கும் இரும்பு ஸ்பேனரோ துருப்பிடித்துச் செந்நிறமாக இருக்கும்.

காலையில் பின்னல் போடும்போது பேத்தியிடம் இதைச் சொன்னேன். "அப்போ நம்ம ரத்தம் துருவா?" என்றாள். மாப்பிள்ளை பேப்பரை இறக்கிவிட்டார். சார், அதுவும் இதுவும் ஒரே காரணம்தானா, இல்லை நான் இழுத்துக் கட்டுகிறேனா? சாயங்காலம் அவள் பள்ளி விட்டு வருவதற்குள் சொல்லுங்கள்.