மட்டக்குதிரைக்கு இன்சுலின் தொல்லை: டப்பாப் பொடிகள் யாருக்காவது உதவினவா?

பல்லாரட்காரி (விக்டோரியா):

எங்கள் வெல்ஷ் மட்டக்குதிரை வந்தபோதே கூடவே மூன்று டப்பாக்களும் வந்தன. மெக்னீசியம், குரோமியம், இலவங்கப்பட்டைத் தூள். "இவள் கொஞ்சம் சர்க்கரைக்காரி, இதைத் தீனியில் கலந்தால் போதும்" என்றார் விற்றவர். பிடரி கொழுப்பேறி, தொட்டால் கட்டை மாதிரி இருந்தது, அசைத்தாலும் அசையவில்லை. விலா எலும்பைத் தடவித் தேட வேண்டியிருந்தது. குளம்பில் வரிவரியாக வளையங்கள். குளம்பின் முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் போயின. லாடம் அடிப்பவர் பார்த்ததுமே, "லாமினைட்டிஸ் ஏற்கெனவே ஒரு தடவை வந்து போயிருக்கிறது" என்று சொல்லிவிட்டார். குளம்புக்குள் இருக்கும் திசு கெட்டுக் குதிரையை நொண்ட வைக்கும் நோய் அது.

டாக்டர் சர்க்கரைப் பாகை வாயில் பீய்ச்சி, ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார். சர்க்கரை சாதாரணம். இன்சுலின் மட்டும் எக்கச்சக்கம். நம் வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரை நோயை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். குதிரையில் குளம்பைக் கெடுப்பது இன்சுலினேதான். 2007ல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நல்ல நிலையில் இருந்த மட்டக்குதிரைகளுக்கு, ரத்தச் சர்க்கரை ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொண்டு, இன்சுலினை விடாமல் ஏற்றினார்கள். ஏற்றிய அத்தனைக்கும் மூன்று நாளுக்குள் லாமினைட்டிஸ்.

டாக்டர் டப்பாக்களை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மேய்ச்சலை நிறுத்தச் சொன்னார். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு உலர்புல், அதையும் எடை போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். பழைய குளியல் தொட்டியில் வலைப்பையோடு அமுக்கி வைப்போம். காலையில் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். சர்க்கரை கொஞ்சம் அதில் போய்விடுகிறது. முதலில் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பசித்ததும் சாப்பிட்டாள். குளிர்காலம் முடிவதற்குள் பிடரி இளகிவிட்டது, இன்சுலினும் இறங்கியது. டப்பாக்களைத் திறக்கவே இல்லை. பொடியால் மட்டுமே குணம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

டெவன் நர்ஸ்:

அக்கா, நான் குதிரை மருத்துவமனையில் நர்ஸ். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியில் ஒரு டப்பாவோடுதான் வருகிறார்கள். குரோமியம், மெக்னீசியம் சேர்ந்த பொடியை டென்னஸி பல்கலைக்கழகத்தில் லாமினைட்டிஸ் வந்த குண்டுக் குதிரைகளுக்கு 16 வாரம் கொடுத்துப் பார்த்து, 2011ல் முடிவை வெளியிட்டார்கள். எடையும் மாறவில்லை, இன்சுலினும் மாறவில்லை. இலவங்கப்பட்டைக்கு அந்த அளவுக்குக்கூட ஆதாரம் கிடையாது.

பிறகு ஏன் எல்லாரும் 'பலன் தெரிந்தது' என்கிறார்கள்? குதிரை நொண்டுகிறது, சொந்தக்காரர் பயந்துபோகிறார். அதே வாரத்தில் டப்பாவும் வாங்குகிறார், மேய்ச்சலையும் நிறுத்துகிறார். நல்ல பெயர் மட்டும் டப்பாவுக்குப் போய்விடுகிறது. போன வசந்தத்தில் ஒரு அம்மா கொண்டுவந்த பொடியின் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். குதிரை விரும்பித் தின்பதற்காக மொலாசஸ் சேர்த்திருந்தார்கள். இன்சுலினைக் குறைக்கும் பொடியில் வெல்லப்பாகு!

இன்னொன்று. வயதான குதிரை, ஜூன் மாதத்திலும் முடி உதிராமல் சடைசடையாகத் தொங்குகிறது என்றால் குஷிங் என்ற ஹார்மோன் கோளாறா என்று, ACTH என்ற ஹார்மோனுக்கு ரத்தம் பார்க்காமல் எந்தப் பொடியும் வாங்காதீர்கள். அதற்கு மருந்து பெர்கோலைடு. சில பேர் அதற்குப் பதிலாக ஒரு மூலிகை கொடுக்கிறார்கள். நம் ஊர் நொச்சி இருக்கிறதே, அதன் பங்காளிச் செடி. அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போட்ட ஒரு கிழட்டுக் குதிரையைக் கடைசியில் கீழே படுத்த நிலையில்தான் பார்த்தோம்.

அரிசோனா ராவுத்தன்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எங்கள் பாசோ ஃபினோ இனக் குதிரைக்கு வாய்க்கூடை, ஊறவைத்த புல், தினமும் நடை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்படியும் இன்சுலின் ஒரு கட்டத்துக்குக் கீழே இறங்கவில்லை. டாக்டரே ரெஸ்வெராட்ரால் என்ற தாவரப் பொருளும் லூசின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்த பொடியைச் சொன்னார். குதிரைகளில் சோதித்துப் பார்த்து ஓரளவு பலன் கண்டிருக்கிறார்கள் என்றார். வேறு எதையும் மாற்றாமல் கொடுத்தோம். அடுத்த பரிசோதனையில் இறங்கியிருந்தது. பொடியால்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். விலைதான் கண்ணைக் கட்டுகிறது.

கென்டக்கி லாயம்:

பலன் இருக்கட்டும், கெடுதலையும் பேசுவோம். மெக்னீசியம் கூடினால் லத்தி தண்ணீராய்ப் போகும், அது தெரிந்துவிடும். செலீனியம் என்ற தாது அப்படியில்லை. எங்கள் லாயத்தில் ஒரு குதிரைக்குக் குளம்புக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, பொதுச் சத்துக்கு ஒன்று என்று மூன்று பொடி. மூன்றிலும் செலீனியம். 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம் போதும். லேபிளில் இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் அதைத் தாண்டிவிட்டது. பிடரி மயிரும் வாலும் உதிரத் தொடங்கியபோதுதான் எங்கள் மேலாளர் கணக்குப் போட்டார். 2009ல் ஃபுளோரிடாவில் 21 போலோ குதிரைகள் செத்தது நினைவிருக்கும். அது ஊசி மருந்தைக் கலந்ததில் நடந்த தவறு, பொடி இல்லை. ஆனால் விஷம் இதே செலீனியம்தான்.

புதுக்குதிரை:

அப்போ எல்லா டப்பாவையும் தூக்கிப் போட்டுவிடலாமா? ஒரே குழப்பமாக இருக்கிறது. மனிதருக்குச் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினைக் கொடுக்கலாம் என்றும் ஒருவர் சொல்கிறார்.

டெவன் நர்ஸ்:

எல்லாவற்றையும் வேண்டாம் தம்பி. புல்லை ஊறவைக்கும்போது சர்க்கரையோடு தாதுக்களும் கரைந்து போகும். உலர்புல்லில் வைட்டமின் ஈயும் குறைவு. அதனால் சர்க்கரை குறைவான, தாமிரமும் துத்தநாகமும் உள்ள ஒரே ஒரு தாதுப்பொடி, வைட்டமின் ஈ, கொஞ்சம் உப்பு. இவை இன்சுலினைக் குறைக்க இல்லை, பட்டினிச் சோற்றில் விட்டுப்போனதை நிரப்ப. மிச்சமாகும் பணத்தில் புல்லை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து நூற்றுக்குப் பத்துக்குள் இருந்தால் நல்லது.

மெட்ஃபார்மின் குதிரைக் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. இப்போது எர்டுகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைச் சில டாக்டர்கள் தருகிறார்கள், இன்சுலின் நன்றாகவே இறங்குகிறது. ஆனால் ரத்தத்தில் கொழுப்பு ஏறலாம், கண்காணிப்பு வேண்டும். நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். எடை குறையட்டும் என்று பட்டினி போடுவதும் கூடாது, மட்டக்குதிரைக்கு அதுவே உயிருக்கு ஆபத்து.

பல்லாரட்காரி:

தம்பி, ஊறவைத்த தண்ணீரைக் குதிரைக்கு எட்டாத இடத்தில் கொட்டுங்கள். எங்கள் மட்டக்குதிரை வாளியில் மிச்சமிருந்ததைக் குடிக்கப் போனாள். கோடையில் புல்லை ராத்திரி முழுக்க ஊறப்போடாதீர்கள், புளித்துவிடும்.