பெரிய வீட்டுக் குழு: அப்பாவின் ரத்த ரிப்போர்ட்

செந்தில், காலை 7:52
மீனா அக்கா, செவ்வாய்க்கிழமை எடுத்த ரிப்போர்ட் வந்துவிட்டது. வெள்ளையணு 3,400. அதில் நியூட்ரோஃபில் என்ற வகை 82 சதவீதம், லிம்போசைட் என்ற வகை 11. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏழரை. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இது 5-ஐத் தாண்டினால் ஆயுள் குறைவு என்று ராத்திரி படித்தேன். தூக்கமே இல்லை. அப்பா இந்தக் குழுவில் இல்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

மதுரை அத்தை, 7:58
முருகா! பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் அணு ஏறும் என்கிறார்களே தம்பி?

மீனா அக்கா, 8:20
அத்தை, கீமோ நடக்கும்போது டாக்டரைக் கேட்காமல் எந்தச் சாறும் வேண்டாம். செந்தில், சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்.

செந்தில், 8:24
7,800. நியூட்ரோஃபில் 64, லிம்போசைட் 26.

மீனா அக்கா, 8:33
அப்போது விகிதம் இரண்டரைதான். நீ படித்தது போன்ற ஆய்வுகள் பெரும்பாலும் அந்த முதல் ரிப்போர்ட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். இப்போது கதிர்வீச்சு மூன்றாவது வாரம். நெஞ்சில் கதிர் வைக்கும்போது இதயத்திலும் நுரையீரலிலும் ஓடுகிற ரத்தத்திலும் அது படும். லிம்போசைட் கதிரைத் தாங்காது, சீக்கிரம் செத்துவிடும். அப்புறம் பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றும் முன் அலர்ஜி வராமலிருக்க டெக்சா என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதுவே நியூட்ரோஃபிலை ஏற்றிக் காட்டும். கீமோ என்றைக்கு?

செந்தில், 8:35
திங்கள் மாலை. மறுநாள் காலையில் ரத்தம் எடுத்தார்கள்.

மீனா அக்கா, 8:36
அதுதான். அந்த ஏழரையை வைத்துப் பெரியப்பாவுக்கு நாள் எண்ணாதே.

ராமு சித்தப்பா, 8:41
அப்படியென்றால் அந்தக் கணக்கே பொய்யா மீனா?

மீனா அக்கா, 8:55
பொய் இல்லை சித்தப்பா. உங்களிடம் மறைக்க மாட்டேன். உடம்பில் அழற்சி கூடினால் நியூட்ரோஃபில் ஏறும், கட்டியை எதிர்க்கிற லிம்போசைட் இறங்கும். அந்த விகிதம் உயர்ந்தவர்களை மொத்தமாகப் பார்த்தால் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வாழ்ந்திருக்கிறார்கள். சிகிச்சையின்போது லிம்போசைட் ரொம்ப விழுந்தாலும் நல்லதல்ல என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் எல்லைக்கோட்டை ஒருவர் 2 என்கிறார், ஒருவர் 3, இன்னொருவர் 5. கூட்டத்துக்குப் போட்ட கணக்கு அது. பெரியப்பாவைப் பெயர் சொல்லி அது எதுவும் சொல்லவில்லை.

அடுத்த கீமோவுக்கு டாக்டர் பார்ப்பது நியூட்ரோஃபில் எண்ணிக்கையும் பிளேட்லெட்டும். 3,400-இல் 82 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 2,800. தாராளமாகப் போதும்.

இன்னொன்று. 2012-இல் நெதர்லாந்து டாக்டர்கள் வெளியிட்ட கிராஸ் ஆய்வில் பெரியப்பாவுக்கு ஏற்றுகிற இதே இரண்டு மருந்து (பாக்லிடாக்செல், கார்போபிளாட்டின்), 23 நாள் கதிர், அப்புறம் ஆபரேஷன். ஸ்குவாமஸ் என்ற வகைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வெட்டியெடுத்த பகுதியில் புற்றணுவே இல்லை. பெரியப்பாவுக்கும் அதே வகைதான். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு?

செந்தில், 9:02
3.1. எடை 61-லிருந்து 57.

மீனா அக்கா, 9:06
எனக்கு உறுத்துவது இதுதான். அல்புமின் 3.5-க்குக் கீழே போகக் கூடாது. அழற்சியாலும் இறங்கும், ஆனால் நான்கு கிலோ போயிருக்கிறதே. இந்த உடம்போடு ஆபரேஷனுக்குப் போனால் தையல் ஆறுவதே சிரமம். என்ன சாப்பிடுகிறார்?

செந்தில், 9:15
கேழ்வரகுக் கஞ்சி. ஒரு ஸ்பூன் விழுங்கிவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டே இருப்பார். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அரை டம்ளருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நான் பார்த்தால் சங்கடப்படுவார் என்று அடுக்களைக்குப் போய்விடுவேன். மூக்கு வழியாக டியூப் போடலாம் என்று டாக்டர் சொன்னார். டியூப் போட்டால் கடைசிக் கட்டம் என்று அப்பா நினைக்கிறார்.

மீனா அக்கா, 9:18
கடைசிக்கட்டத்துக்கு இல்லை, ஆபரேஷன் வரை உடம்பைத் தேற்றத்தான். இன்றைக்கே பேசுங்கள், இன்னும் இரண்டு கிலோ இறங்கவிடாதீர்கள்.

ராமு சித்தப்பா, 9:21
அண்ணன் நான் சொன்னால் கேட்பார். பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன்.

செந்தில், மறுநாள் இரவு 8:47
டியூப் போட்டாயிற்று. முதலில் 100 மில்லி, இப்போது 200. சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பா தூங்குகிறார்.