ஆட்டம் லீவ்ஸ்: ஸ்வரம் சரி, ஏன் ஒட்டவில்லை?

மந்தவெளி வயலின்:
16 வருடம் கர்நாடக வயலின் கற்றவன். சனிக்கிழமைகளில் அடையாறில் நண்பன் வீட்டு மாடியில் நாலு பேர் ஜாஸ் வாசிக்கிறோம். இப்போது 'ஆட்டம் லீவ்ஸ்' (Autumn Leaves) என்ற பாட்டு, ஜி மைனரில். ஜி-யை ஷட்ஜமாக (ச) வைத்து முதல் எட்டு பாருக்கும் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) நடபைரவி ராகம் வாசித்தேன். கிதார் நண்பன், "ஸ்வரம் தப்பில்லை. ஆனா கீழ நாங்க வாசிக்கிறது உன் காதுல விழுதா?" என்கிறான். ஆறாவது பார், டி செவன் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), எனக்கே உறுத்துகிறது. கார்டுக்கு ஒரு ஸ்கேல் மனப்பாடம் செய்யணுமா?

பழைய பியானோ:
வேண்டாம் தம்பி. உறுத்துவது நிஷாதம். டி செவனில் இருப்பது எஃப் ஷார்ப், அதாவது காகலி நிஷாதம். நீங்கள் அதற்கு அரை ஸ்வரம் கீழே உள்ள கைசிகி பிடிக்கிறீர்கள். அந்த ஒரு பாரில் காகலி உள்ள கீரவாணிக்குப் போங்கள். முதல் நாலு பார் பி ஃப்ளாட் மேஜர். உங்கள் நடபைரவியில் காந்தாரத்தை ஷட்ஜமாக்கினால் வரும் சங்கராபரணம்தான் அது, புது ஸ்வரம் எதுவும் இல்லை.

நண்பர் கேட்பது வேறு: எந்த ஸ்வரத்தில் நிற்கிறீர்கள்? வரிசை இது: சி மைனர் செவன், எஃப் செவன், பி ஃப்ளாட் மேஜர் செவன், இ ஃப்ளாட் மேஜர் செவன், ஏ மைனர் செவன் ஃப்ளாட் ஃபைவ், டி செவன், பிறகு ஜி மைனர் இரண்டு பார். ஒவ்வொரு கார்டிலும் அதன் பெயர் ஸ்வரத்திலிருந்து எண்ணி மூன்றாவதையும் ஏழாவதையும் மட்டும் பொறுக்குங்கள். இரண்டு வரி கிடைக்கும்:

த த ப ப ம ம க க
க ரி ரி ச ச நி ச ச

(கடைசி ஜி மைனரில் மட்டும் ஏழாவதை விட்டு ஷட்ஜத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.) இந்தப் பாட்டுக்கு இசையமைத்த ஜோசஃப் கோஸ்மாவின் மெட்டும் த, ப, ம, க என்றுதான் நின்று நின்று இறங்குகிறது, பாடிப் பாருங்கள். ஒரு வாரம் கற்பனையை மூட்டை கட்டிவிட்டு, பாருக்கு ஒரு ஸ்வரமாக இவற்றை இழுங்கள். கமகம் கூடாது, எஃப் செவன் மேல் அந்த ரி-யை அசைத்தால் கார்டு மேஜரா மைனரா என்றே தெரியாது. தம்புராவையும் அணைத்துவிடுங்கள், அது ஜி-யையே வீடாகக் காட்டும்.

சாக்ஸ் ஆசாமி:
பியானோ சார் சொன்னது முதல் எட்டு பாருக்கு. 27, 28-ஆவது பார்களில் பாருக்கு இரண்டு கார்டு ஓடும், எஃப் மைனர் செவனில் நடபைரவியில் இல்லாத சுத்த ரிஷபம் வேறு எட்டிப் பார்க்கும். நான் அங்கே வாயை மூடிக்கொள்வேன். 1958-இல் சாக்ஸ் கலைஞர் கேனன்பால் ஆடர்லியும் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் வாசித்த பதிவும் ஜி மைனர்தான். மைல்ஸ் எவ்வளவு இடம் விடுகிறார் என்று கேளுங்கள்.

மந்தவெளி வயலின்:
அண்ணா, நாலு நாள் இழுத்தாச்சு. தம்புராவை அணைத்த பிறகுதான் மூன்றாவது பாரில் பி ஃப்ளாட் வீடு மாதிரி கேட்டது. 27-இல் வில்லைத் தூக்கிவிட்டேன். கிதார்காரன் நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.