எக்ஸாப்டேஷன்: பயன்பெயர்வா, ஆகுபயனா?

நண்பர்களே,

ஒரு வேலைக்காக உருவான உறுப்போ, எந்த வேலைக்கும் என்று உருவாகாத உறுப்போ பின்னால் வேறொரு பயனுக்கு வருவதைப் பரிணாமவியலில் எக்ஸாப்டேஷன் (exaptation) என்பார்கள். அதற்குத் தமிழில் இதுவரை வந்த சொற்களில் 'முன்தகவமைப்பு' என்பதை முதலில் தள்ளிவிடலாம். பின்னால் பறக்க வேண்டியிருக்கும் என்று எந்த உயிரும் முன்கூட்டியே இறகு வளர்ப்பதில்லை. இயற்கைத் தேர்வு அன்றைய கணக்கை அன்றே தீர்க்கும் வியாபாரி. நாளைக்கென்று எதையும் எடுத்துவைக்காது. ஆங்கிலத்திலும் 'preadaptation' என்ற பழைய சொல்லில் 'முன்' (pre) என்ற அந்த ஒட்டு தந்த தொல்லையால்தான் தொல்லுயிரியலாளர்கள் ஸ்டீபன் ஜே கூல்டும் எலிசபெத் வர்பாவும் 1982-இல் புதுச்சொல் படைத்தார்கள். அவர்கள் கழித்துப்போட்டதை நாம் பொறுக்க வேண்டாம்.

அடுத்து 'பயன்பெயர்வு'. முன்மொழிந்தவன் நான்தான்; நானே திரும்பப் பெறுகிறேன். பெயர்தல் என்றால் இருந்த இடத்தை விட்டுப் போவது. இறகு அப்படியா செய்தது? 1996-இல் சீனாவில் அறிவிக்கப்பட்ட சைனோசரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசருக்கு உடலெங்கும் தும்பு போன்ற போர்வை இருந்தது. அந்தக் குட்டைக் கைகளை வைத்துக்கொண்டு அது பறந்திருக்க முடியாது; குளிர்காப்பு என்பதே பொருத்தமான விளக்கம். பறத்தல் பிறகு வந்தது. ஆனாலும் குளிர்நாளில் சிட்டுக்குருவி இன்றும் இறகைச் சிலிர்த்துப் பந்தாகிவிடுகிறது. ஆப்பிரிக்காவின் கருங்கொக்கு இன்னும் ஒரு படி மேலே: ஆழமில்லாத நீரில் நின்று, இரு சிறகுகளையும் தலைக்கு மேல் குடைபோல் கவித்து, அந்த நிழலுக்குள் மீன் பிடிக்கிறது. பிறகு குடையை மடக்கி அதே சிறகால் பறந்துபோகிறது. இதில் எந்தப் பயன் பெயர்ந்தது?

இதைவிடப் பெரிய சிக்கல், முன்பு பயனே இல்லாதவை. பிரசவத்தின்போது சிசுவின் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து தலையைச் சற்றே ஒடுக்குகின்றன. எலும்புகளுக்கிடையே உள்ள பொருத்துவாய்களே இதற்கு இடம் தருகின்றன. பிரசவத்துக்காகவே அமைந்தவை என்று சொல்லத் தோன்றும். முட்டையை உடைத்து வெளிவந்தால் போதும் என்றிருக்கும் பறவைக் குஞ்சுக்கும் அதே பொருத்துவாய்கள் உண்டே என்று 1859-லேயே டார்வின் மடக்கினார். அவை மண்டையோடு வளரும் முறையால் விளைந்தவை. இல்லாத பயன் எங்கிருந்து பெயரும்?

எனவே 'ஆகுபயன்'. ஆகுபெயரை நினைத்துக்கொள்ளுங்கள். 'முல்லை தொடுத்தாள்' என்னும்போது கொடியின் பெயர் பூவுக்கு ஆகிறது; அதனால் கொடி தன் பெயரை இழந்துவிடவில்லை. இறகின் கதையும் அதுதான்.

ஆகுபயன் வினைத்தொகை ஆயிற்றே, 'ஆகும் பயன்' என்று எதிர்காலமாகப் படித்து மறுபடி முன்னறிவில் போய் விழமாட்டார்களா என்று கேட்பீர்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் பள்ளியில் ஆகுபெயர் படித்த எவரும் அதை 'இனிமேல் ஆகப்போகும் பெயர்' என்று புரிந்துகொண்டதில்லை.

பயன்பெயர்வையும் குப்பையில் போட வேண்டாம். நம் நடுச்செவியின் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் பாலூட்டிகளின் மூதாதையரிடம் தாடை மூட்டாக இருந்தவை. அங்கே பழைய வேலை உண்மையிலேயே போய்விட்டது. அந்த வகைக்கு உட்பிரிவுப் பெயராக அது நிற்கட்டும்.

எழுத்து முறை ஒன்றுதான் பாக்கி: 'ஆகுபயன் உறுப்பு' என்று பிரிப்பதா, 'ஆகுபயனுறுப்பு' என்று சேர்ப்பதா? என் ஓட்டு பிரிப்பதற்கே. அகராதியில் தேடுபவருக்குச் சொல் அகப்பட வேண்டும்.