டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தையுடன் தீவுப் பயணம்: பிந்தானா, லங்காவியா, மாலத்தீவா?

பொங்கோல்வாசி எழுதியது:

வணக்கம். டிசம்பர் நடுப்பகுதியில் சிங்கப்பூரிலிருந்து நான்கைந்து நாள்கள் ஏதேனும் ஒரு தீவுக்குச் சென்றுவர நினைக்கிறோம். என் கணவரின் அலுவலகம் அப்போதுதான் விடுமுறை விடுகிறது என்பதால் மாதத்தை மாற்றுவதற்கு வழியில்லை. எங்கள் மகனுக்கு டிசம்பர் 18ஆம் தேதி இரண்டு வயது நிறைகிறது. அன்று கடற்கரையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. திருச்சியிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் என் மாமியாரும் உடன் வருகிறார். அவர் முட்டைகூடச் சேர்க்காத சைவம். முழங்கால் வலியும் உண்டு.

படகில் ஒரு மணி நேரத்தில் சென்றுவிடலாம் என்பதால் எனக்கு இந்தோனேசியாவின் பிந்தான் பிடித்திருக்கிறது. கணவருக்கு மாலத்தீவு மீது ஒரு கண். மலேசியாவின் லங்காவியே போதும் என்கிறார் என் தோழி. மகன் பகல் ஒரு மணிக்குத் தூங்காவிட்டால் மாலை முழுவதும் அழுவான். சோறும் பருப்பும் தவிர வேறெதையும் எளிதில் உண்ண மாட்டான். இந்த வயதுக் குழந்தையோடு சென்றுவந்தவர்கள் எதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்? மருந்து, தடுப்பூசி, கடற்குளியல் ஆகியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

உட்லண்ட்ஸ் தகப்பன் எழுதியது:

சகோதரி, மாதம் டிசம்பர் என்று முடிவாகிவிட்ட பிறகு, எந்தத் தீவு அழகானது என்ற கேள்வியைவிட, அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்ற கேள்விதான் முக்கியம். டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து நேராக நம் பக்கம் வருகிறது. சிங்கப்பூரிலேயே சில நாள்கள் விடாமல் மழை பெய்வதைப் பார்த்திருப்பீர்கள். பிந்தானின் உல்லாச விடுதிகளில் பெரும்பாலானவை லாகோயில், அதாவது அந்தக் கடலை நேருக்கு நேர் பார்க்கும் வடகரையில் இருக்கின்றன. ஆகவே அந்த மாதத்தில் அங்கே அலை உயரமாகவும் நீர் கலங்கலாகவும் இருக்கும். குழந்தையைக் கடலில் இறக்கவே முடியாத நாள்கள் வரும். சிங்கப்பூரின் தானா மேரா படகு முனையத்திலிருந்து செல்லும் படகும் அப்போது நன்றாக ஆடும். மலேசியக் கிழக்குக் கரைத் தீவான தியோமானைப் பற்றி யாராவது சொன்னால் அதையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே பல விடுதிகள் மூடிக் கிடக்கும், மெர்சிங்கிலிருந்து செல்லும் படகுகளும் குறைந்துவிடும்.

லங்காவி மலாய்த் தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில், அந்தமான் கடலில் இருக்கிறது. நடுவில் நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் வடகிழக்குக் காற்றின் மழையைப் பெருமளவு தடுத்துவிடுவதால், கிழக்குக் கரை வெள்ளத்தில் தவிக்கும் அதே வாரத்தில் லங்காவியில் வெயில் அடிக்கும். அங்கே மழை மிகுந்த மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். டிசம்பரில் மழை குறைந்து, ஜனவரி, பிப்ரவரியில் நன்றாக வறண்டுவிடும். தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் ஏறத்தாழ இதே கணக்குதான். ஆனால் டிசம்பர் பிற்பகுதியில் அங்கே கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும்.

மாலத்தீவுக்குப் பருவநிலை பொருந்தாதது என்று சொல்ல முடியாது. இந்த வயதில் இடறுவது தொலைவுதான். சாங்கி விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ நான்கரை மணி நேரம் பறந்து, அங்கிருந்து விரைவுப் படகிலோ கடல் விமானத்திலோ விடுதித் தீவுக்குச் செல்ல வேண்டும். கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பதால், மாலையில் போய் இறங்கினால் ஓர் இரவு தலைநகர் மாலேயில் தங்க நேரிடும். அந்நாட்டு நேரம் நமக்கு மூன்று மணி நேரம் பின்தங்கியது. இங்கே காலை ஏழு மணிக்கு எழும் குழந்தை அங்கே விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு மணித் தூக்கம் காலை பத்து மணிக்கே வந்துவிடும். நான்கைந்து நாள் பயணத்தில் இது பழகுவதற்குள் திரும்பிவிடுவீர்கள். நீரின் மேல் கட்டிய குடில்களிலோ வாசற்படியே கடலில் இறங்குகிறது. அதனால் சிறு குழந்தைகளை அந்த அறைகளில் அனுமதிக்காத விடுதிகளும் உண்டு. உங்கள் கணவருடைய கனவுக்குக் குறுக்கே நிற்கவில்லை, நான்கு ஆண்டுகள் கழித்து அவருடைய கண் இன்னும் அங்கேயே இருந்தால் போய் வாருங்கள்.

லங்காவிக்குச் சாங்கியிலிருந்து நேரடி விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், நேரமும் நம் நேரம்தான். விமான நிலையத்திலிருந்து செனாங் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது.

பயணத் தேதியில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் அமர்ந்து பயணம் செய்யலாம். ஆனால் திரும்பும் நாளில் இரண்டு வயது நிறைந்திருந்தால், அந்தப் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். 18ஆம் தேதியோ அதற்குப் பிறகோ திரும்புவதானால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள். முகப்பில் போய் நின்று தெரிந்துகொள்ளும் செய்தி அல்ல இது.

சிறுவர் பிரிவுச் செவிலி எழுதியது:

நான் பல ஆண்டுகளாகக் குழந்தைகள் பிரிவில் பணியாற்றுபவள். தடுப்பூசியிலிருந்து தொடங்குகிறேன். சிங்கப்பூர் அட்டவணைப்படி தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா தடுப்பூசி 12ஆம் மாதத்திலும் 15ஆம் மாதத்திலும் போடப்படுகிறது. உங்கள் மகனுக்கு இரண்டும் முடிந்திருக்க வேண்டும். பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெப்பாடைட்டிஸ் ஏ தடுப்பூசியை ஒரு வயதுக்குப் பிறகு போடலாம். அதுவும் டைஃபாய்டு தடுப்பூசியும் தேவையா என்பதைப் பயணத்துக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

கொசுவைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டெங்கி இங்கும் உண்டு, அங்கும் உண்டு. டீட் என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டியை, அதன் அளவு 30 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்து, இந்த வயதில் பூசலாம். பிக்காரிடின் கலந்ததும் நல்லது. இயற்கையானது என்று நம்பி எலுமிச்சை யூக்கலிப்டஸ் எண்ணெயை வாங்காதீர்கள். அது மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. வாயில் விரல் வைக்கும் குழந்தையின் கைகளில் எந்த விரட்டியையும் தடவ வேண்டாம். வெயில் களிம்பை முதலில் பூசி, அது ஊறிய பிறகே கொசு விரட்டியைப் பூச வேண்டும். களிம்பின் வெயில் காப்பு அளவு (எஸ்பிஎஃப்) 30க்குக் குறையாமல் இருக்கட்டும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் நீரிலிருந்து வெளியே வந்த உடனேயும் மறுபடி பூசுங்கள். ஆனால் நான் களிம்பைவிடத் துணியைத்தான் நம்புவேன். முழுக்கை நீச்சலுடையும் கழுத்தை மூடும் தொப்பியும் அணிவித்து, காலை பத்து மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரை நிழலிலோ அறையிலோ வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நல்ல வேளையாக அவனுடைய ஒரு மணித் தூக்கமும் அந்த நேரத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

முழுக்கை உடைக்கு இன்னொரு பயனும் உண்டு. லங்காவிக் கடலில் பெட்டி ஜெல்லிமீன்கள் காணப்பட்டிருக்கின்றன. அடிக்கடி நிகழ்வதல்ல என்றாலும், கொட்டினால் குழந்தைக்கு மிக ஆபத்தானது. அன்றைய நிலவரத்தை விடுதியிலும் உயிர்காப்பாளரிடமும் கேட்டுவிட்டு இறங்குங்கள். கொட்டிவிட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீரால் கழுவாமல், வினிகரை ஊற்றி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தீவின் முக்கிய ஊரான குவாவுக்கு அருகில் சுல்தானா மலிஹா அரசு மருத்துவமனை இருக்கிறது. தங்குமிடத்திலிருந்து அங்கே செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதை முன்பதிவு செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

நீரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை வீசாது, ஓசையில்லாமல் அடங்கிவிடும். காற்றடைத்த கைவளையங்கள் விளையாட்டுப் பொருள்கள்தான், பாதுகாப்புக் கருவிகள் அல்ல. முழங்கால் ஆழ நீரிலும் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைப் பெரியவர்கள் மூவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். மூவர் இருக்கும்போதுதான் ஆளுக்கு ஆள் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்துவிடுகிறோம். சிறு படகில் செல்வதாக இருந்தால் குழந்தை அளவு உயிர்காப்பு அங்கியை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அங்கே எல்லாரிடமும் அந்த அளவு கிடைப்பதில்லை.

மருந்துப் பையில் ஓஆர்எஸ் எனும் நீர்ச்சத்தை மீட்கும் உப்புக் கரைசல் பொடி, அவனுடைய எடைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவோடு பாரசிட்டமால், வெப்பமானி ஆகியவை இருக்கட்டும். வயிற்றுப்போக்கின்போது டயப்பர் வெகுநேரம் நனையாமல் இருப்பது, அழும்போது கண்ணீர் வராதது, கண்கள் உள்வாங்குவது ஆகியவை நீர்ச்சத்து வற்றுவதன் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்.

பாசிர் ரிஸ் பாட்டி எழுதியது:

எல்லாரும் பேரனைப் பற்றியே எழுதிவிட்டீர்கள். நான் மாமியாருக்காகப் பேசுகிறேன். அம்மா, உன் மாமியார் இந்தியக் கடப்பிதழில், குறுகிய கால வருகையாளராக வந்திருந்தால், அவருடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கு உரியதா என்பதை இன்றைக்கே எடுத்துப் பார். ஒருமுறை நுழைவுக்கு மட்டும் உரியதாக இருந்தால், லங்காவிக்குப் போகலாம், திரும்பி வருவதுதான் சிக்கலாகும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்களுக்கு 30 நாள் விசா விலக்கு அளித்தது. உங்கள் பயணத் தேதிக்கும் அது பொருந்துகிறதா என்பதைப் பார்த்துக்கொள். அவருக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு அது தேவையில்லை. திரும்பும்போது சிங்கப்பூரின் எஸ்ஜி வருகை அட்டையை எல்லாருக்கும், குழந்தைக்கும் சேர்த்து, நிரப்ப வேண்டும். கடப்பிதழ்கள் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பெரிய கவலை வேண்டாம். செனாங் பக்கத்தில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. ஆனாலும் பேரனுக்காக ஒரு சின்ன ரைஸ் குக்கர், ஒரு கிலோ அரிசி, வறுத்த பாசிப்பருப்பு, கேழ்வரகுக் கஞ்சி மாவு ஆகியவற்றைத் இங்கே தேக்காச் சந்தையில் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடு. அறையில் சமைக்க அனுமதி உண்டா என்று விடுதியில் கேட்டுவிடு. சமையலறை உள்ள அடுக்குமாடி அறை கிடைத்தால் இன்னும் நல்லது. மாமியாருக்கும் அதுவே ரசம் சோறு வைத்துக்கொடுக்க உதவும். தரைத்தளத்து அறையைக் கேள். மணலில் நடப்பது முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரும்பாடு, அதனால் கடற்கரையிலேயே நாற்காலியும் நிழலும் உள்ள விடுதியாகப் பார். இன்னொன்று, பேரனை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் மூன்று மாலையும் வெளியே போகலாம் என்று மனத்துக்குள் திட்டம் இருந்தால், அதை அவரிடம் இப்போதே கேட்டுவிடு. அவருக்கும் அது விடுமுறைதானே.

ஜூரோங் மேற்கு எழுதியது:

பிந்தானை இவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட்டீர்களே. இரண்டு வயதுக் குழந்தைக்குக் கடல் தேவையில்லை; ஒரு வாளி, ஒரு கரண்டி, ஆழமில்லாத குளம் இருந்தால் போதும். மழை பெய்தாலும் விடுதிக்குள்ளேயே பொழுது போகும். காய்ச்சல் வந்தால் மறுநாள் காலைப் படகில் சிங்கப்பூரின் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கு வந்துவிடலாம். என்னைக் கேட்டால் டிசம்பரில் சிங்கப்பூரிலேயே உள்ள செந்தோசாத் தீவில் இரண்டு இரவு தங்கிவிட்டு, ஏப்ரலில் கடல் அடங்கியபின் பிந்தான் செல்வேன். குழந்தை இன்னும் பள்ளிக்குச் செல்லாத காலத்தில் பள்ளி விடுமுறை விலையைக் கொடுப்பானேன்?

உட்லண்ட்ஸ் தகப்பன் எழுதியது:

விலையைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் காற்று தணிந்து கடல் அமைதியாக இருக்கும், பிற்பகல் இடிமழையைத் தவிர. ஆனால் காய்ச்சல் வந்த குழந்தையோடு டிசம்பர் அலையில் ஒரு மணி நேரப் படகுப் பயணத்தை வசதி என்று நான் கணக்கில் வைக்க மாட்டேன். லங்காவியில் மருத்துவமனை தீவுக்குள்ளேயே இருக்கிறது.

பொங்கோல்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மாமியாரின் விசாவைப் பார்த்துவிட்டோம். பலமுறை நுழைவுக்கு உரியதுதான். லங்காவிக்கு 13ஆம் தேதி சென்று 17ஆம் தேதி திரும்புவதாக முடிவு செய்திருக்கிறோம். பிறந்தநாளை வீட்டிலேயே கொண்டாடிவிடலாம், மடியில் வைத்தே இரு வழியும் பறக்கலாம். ஜூரோங் மேற்கு அவர்கள் சொன்னதை வைத்து, அடுத்த சனிக்கிழமை செந்தோசாவின் பாலவான் கடற்கரையில் மகனை மணலில் இறக்கிப் பார்க்கவும் போகிறோம். இன்னும் ஒரே ஒரு கேள்வி: அங்கே வாடகைக் கார் எடுக்கலாமா, குழந்தை இருக்கைக்கு என்ன செய்வது?

உட்லண்ட்ஸ் தகப்பன் எழுதியது:

எடுக்கலாம். தீவில் பொதுப் பேருந்தை நம்ப முடியாது, மாமியாரின் முழங்காலுக்கும் கார்தான் நல்லது. குழந்தை இருக்கையை முன்பதிவின்போதே கேட்டு, எழுத்தில் உறுதி வாங்குங்கள். உங்கள் காரில் இருப்பதையே எடுத்துச் செல்வதானால், கட்டணமின்றி ஏற்றுவார்களா என்பதை விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். விமானம் இறங்கத் தொடங்கும்போது அவனுக்குப் பாலோ தண்ணீரோ குடிக்கக் கொடுங்கள், காது அடைக்காது. குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் 100 மில்லிலிட்டர் வரம்பு பொருந்தாது. பரிசோதனையின்போது தனியே எடுத்துக் காட்டினால் போதும்.